கசாண்ட்ராவில் எந்தக் குவரி மெதுவு, நேரம் எங்கே போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சிப் பக்கம் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் போனில் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகின்றன. ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டேட்டாபேஸ் அப்பாச்சி கசாண்ட்ரா, 4.1ம் அதற்குப் பிந்தியதும். குவரி என்றால் தகவலைப் படிக்கவோ எழுதவோ டேட்டாபேஸுக்குப் போகிற ஒவ்வொரு கோரிக்கையும், லாக் என்றால் நடந்ததை எழுதிவைக்கிற பதிவு ஃபைல். எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றேதான்: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர்கள் வரத்து, விலை, பில் பதிகிற ஒரு ஆப். ஆறு நோட் (சர்வர்) உள்ள கிளஸ்டர், அதாவது சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம், மும்பையில் இருக்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று நகல். படிக்கவும் எழுதவும் லோக்கல் குவோரம், அதாவது மூன்றில் இரண்டு நகல் பதில் சொன்னால் போதும். ஆப் கற்பனை. வருகிற கோளாறுகள் எல்லாக் கிளஸ்டரிலும் வருபவை.

1. அண்ணே, மைஎஸ்கியூஎல்ல ஸ்லோ குவரி லாக்னு தனி ஃபைலே இருக்கும். கசாண்ட்ராவுல அது எங்க இருக்கு?

இருக்கிறது, தனி ஃபைலாக இல்லை. 3.10 பதிப்பு முதல், ஒரு வரம்பைத் தாண்டிய குவரிகள் டீபக்.லாக்கில் விழுகின்றன. சிஸ்டம்.லாக்கில் ‘சில வேலைகள் மெதுவாக நடந்தன, விவரம் டீபக் லாக்கில்’ என்கிற பொருளில் ஒரு வரி எப்போதாவது வரும், அவ்வளவுதான். பலர் சிஸ்டம்.லாக்கை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுகிறார்கள். டிஸ்க் நிறைகிறது என்று டீபக் லாக்கையே நிறுத்தி வைத்திருக்கிற இடங்களும் உண்டு. அங்கே இந்த விவரம் கிடைக்காது.

ஒவ்வொரு குவரிக்கும் உடனுக்குடன் ஒரு வரி வராது. 5 விநாடிக்கு ஒருமுறை தொகுத்து எழுதும்: எந்த செலக்ட் (படிக்கிற குவரி), எத்தனை தடவை, சராசரி எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு. ஒரு தொகுப்பில் 50 வரைக்கும்தான் இடம், மிச்சம் விடுபடும். தகவலைப் படித்துக் கொடுத்த நோட்டின் லாக்கில்தான் இது வரும் என்பதால் ஆறு நோட்டின் லாக்கையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க வழி செய்யுங்கள். படிக்கிற குவரிகள் மட்டுமே இதில் வரும். எழுதுவது மெதுவானால் 12ஆம் கேள்விக்குப் போங்கள்.

2. எத்தனை மில்லிசெகண்டுக்கு மேல போனா மெதுவுன்னு வைக்கிறது? 500ன்னு போட்டிருக்கே, அது போதாதா?

500 கூடவே வருகிற அமைப்பு, நம் ஆப்பைப் பார்த்து யாரும் வைத்ததில்லை. பில் திரை திறக்க எட்டு குவரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 450 மில்லிசெகண்ட் எடுத்தால் திரை வர 3.6 விநாடி ஆகும். கடைக்காரர் போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். லாக்கில் ஒரு வரிகூட வந்திருக்காது.

அதனால் திரையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். திரை ஒரு விநாடிக்குள் வரணும், எட்டு குவரி உண்டு, மொபைல் நெட்வொர்க்குக்குக் கொஞ்சம் ஒதுக்கணும் என்று கழித்தால் ஒரு குவரிக்கு 100 மில்லிசெகண்டுக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். நான் 100இல் தொடங்கச் சொல்வேன். இரைச்சல் தாங்கவில்லை என்றால் ஏற்றிக்கொள்ளலாம். இதை டைம்அவுட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டைம்அவுட் என்பது குவரி கைவிடப்படுகிற நேரம்: சாதாரணப் படிப்புக்கு 5 விநாடி, எழுதுவதற்கு 2 விநாடி, வரிசையாகப் பல பார்ட்டிஷன்களை (ஒரே கீயின் கீழ் சேர்ந்திருக்கும் வரிகளின் தொகுதி) துழாவுவதற்கு 10 விநாடி. மாற்றாத வரை இவைதான்.

3. டாஷ்போர்டுல சராசரி 6 மில்லிசெகண்டுதான் காட்டுது. கடைக்காரர் மெதுவா இருக்குன்னு வைய்றாரு. யாரை நம்புறது?

கடைக்காரரை. சராசரியில் மெதுவான குவரி கரைந்துபோகும். நூறு குவரியில் 99 குவரி 2 மில்லிசெகண்டிலும் ஒன்று 400இலும் முடிந்தால் சராசரி 6 தான் வரும். ஆனால் ஒரு திரைக்கு 20 குவரி போகிறது என்றால், அந்த நூற்றில் ஒன்று ஏறத்தாழ 18 சதவீதத் திரைகளில் ஒரு தடவையாவது வந்து நிற்கும். கூகுளின் ஜெஃப்ரி டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரையில் இதே கணக்கை 100 சர்வருக்குப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒரு தடவை மட்டும் ஒரு விநாடிக்கு மேல் எடுத்தாலும், நூறையும் கேட்டுத்தான் பதில் தர முடியும் என்கிற வேலைகளில் 63 சதவீதம் ஒரு விநாடியைத் தாண்டிவிடும்.

ஆகவே பி99, பி999 (நூற்றில் 99 குவரி, ஆயிரத்தில் 999 குவரி எந்த நேரத்துக்குள் முடிந்தன என்கிற எண்) பாருங்கள். ஆறு நோட்டின் பி99ஐக் கூட்டி ஆறால் வகுத்து ‘கிளஸ்டர் பி99’ என்று போடாதீர்கள். அப்படி வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆறு நோட்டின் ஹிஸ்டோகிராமையும் (எந்த நேரத்தில் எத்தனை குவரி முடிந்தது என்கிற எண்ணிக்கைப் பட்டியல்) சேர்த்து, அதிலிருந்து எடுக்க வேண்டும். இயலாவிட்டால் ஆறு கோடுகளையும் தனித்தனியே வரையுங்கள். பல நேரம் ஒரே ஒரு கோடு மட்டும் மேலே போயிருப்பது கண்ணிலேயே தெரியும்.

4. ஆப் லாக்ல 800 மில்லிசெகண்ட். டேட்டாபேஸ் லாக்ல ஒண்ணுமே இல்ல. எந்த லாக் பொய் சொல்லுது?

இரண்டும் உண்மைதான் சொல்கின்றன. ஒரு குவரியின் நேரத்தை மூன்று இடத்தில் அளக்கலாம், மூன்றும் வேறு வேறு நேரங்கள். ஆப்பில் டிரைவர் (டேட்டாபேஸோடு பேசுகிற லைப்ரரி) அளப்பது முதலாவது: கேட்ட நொடியிலிருந்து பதில் கைக்கு வரும் வரை. குவரியை முதலில் வாங்குகிற நோட், அதாவது கோஆர்டினேட்டர், அளப்பது இரண்டாவது: வாங்கியதிலிருந்து இரண்டு நகல்களிடம் கேட்டுப் பதிலைத் திருப்பி அனுப்பும் வரை. நகல் வைத்திருக்கிற நோட் தன் மெமரியிலும் டிஸ்கிலும் தேடி எடுக்கிற நேரம் மூன்றாவது. முதலாவதற்கு டிரைவரின் ரெக்வெஸ்ட் லாகர், இரண்டாவதற்கு நோட்டூல் (கசாண்ட்ராவோடு வரும் கட்டளைக் கருவி) பிராக்ஸிஹிஸ்டோகிராம்ஸ், மூன்றாவதற்கு நோட்டூல் டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ். பின்னிரண்டும் மைக்ரோசெகண்டில் காட்டும், ஆயிரத்தால் வகுக்க மறக்காதீர்கள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். ஆப்பில் 800, கோஆர்டினேட்டரில் 10 என்றால் நேரம் டேட்டாபேஸுக்கு வெளியே போகிறது: ஆப்பின் திரெட் பூல் (ஒரே நேரத்தில் இத்தனை வேலை என்கிற இடம்) நிறைந்திருக்கலாம், கனெக்ஷனில் இடமில்லாமல் டிரைவருக்குள்ளேயே காத்திருக்கலாம், ஆப்பே கார்பேஜ் கலெக்ஷனில் (தேவைப்படாத மெமரியைக் காலிசெய்யும் வேலை) நின்றிருக்கலாம், நெட்வொர்க்காகவும் இருக்கலாம். கோஆர்டினேட்டரில் 700, நகல்களில் 3 என்றால் சிக்கல் நோட்டுகளுக்கு நடுவில். நகலின் அந்த 3 மில்லிசெகண்ட், வேலை தொடங்கிய பிறகான நேரம் மட்டுமே, வேலைக்காக வரிசையில் நின்ற நேரம் அதில் சேராது. நோட்டூல் டிபிஸ்டாட்ஸில் ரீட் ஸ்டேஜ் வரியில் பெண்டிங் (காத்திருப்பவை) ஏறியிருந்தால் வரிசை அங்கேதான். நகல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சரிபார்த்துத் திருத்துவதும் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கும்.

நகலிலேயே 700 என்றால் டேபிளின் அமைப்பையோ டிஸ்கையோ பார்க்க வேண்டும், 9, 10, 13ஆம் கேள்விகள் அதற்குத்தான். இந்தக் கழித்தல் செய்யாமல் நேராக கான்ஃபிக் ஃபைலைத் திறப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எட்டு அமைப்பை மாற்றுவார்கள், ஒன்று சரியாகும், எது சரியாக்கியது என்று கடைசி வரை தெரியாது.

5. நம்ம ஆபீஸ்ல இருந்து ஓட்டினா மெதுவு, சர்வர்ல இருந்து ஓட்டினா வேகம். இது எதனாலண்ணா?

தூரம். மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி மில்லிசெகண்டுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். போய்வர 12 மில்லிசெகண்ட் எப்படியும் ஆகும், கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதல். 20 குவரியை வரிசையாக அனுப்பினால் கால் விநாடி வழியிலேயே போய்விடும்.

டேட்டாபேஸை அளக்கணும் என்றால் மும்பையில் ஆப் சர்வர் இருக்கிற இடத்திலிருந்து அளங்கள்.

6. கடைக்காரர் ‘இன்னைக்குக் காலைல அஞ்சு மணிக்கு’ன்றாரு. அன்னைக்கு லாக்ல அந்த நேரத்துல ஒண்ணுமே இல்லையே?

சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். காலை 5:00 என்பது லாக்கில் முந்தின நாள் இரவு 11:30, அதாவது முந்தின தேதியின் ஃபைல். பூ மார்க்கெட்டின் பரபரப்பு விடியற்காலையில்தான் என்பதால் இந்த ஆப்பில் இது தினசரிக் குழப்பம். சர்வரை இந்திய நேரத்துக்கு மாற்றாதீர்கள், பார்க்கிற டாஷ்போர்டில் மாற்றிக்கொள்ளுங்கள்.

7. ஆப் பக்கம் லாக்ல என்னென்ன எழுதணும்? முழு குவரியையும் எழுதிடவா?

முழு குவரி வேண்டாம். குவரிக்கு நீங்கள் வைத்த பெயர் (‘கடை-அன்றைய-பில்கள்’ மாதிரி), ஒரு ரெக்வெஸ்ட் எண், எந்த நோட் கோஆர்டினேட்டராக இருந்தது, எவ்வளவு நேரம், எத்தனை வரி வந்தது, எத்தனை பக்கமாகப் பிரிந்து வந்தது, எத்தனையாவது முயற்சி, பிழை என்றால் என்ன பிழை. அந்த ரெக்வெஸ்ட் எண்ணைத் திரையில் தொடங்கி எல்லாச் சேவைகளுக்கும் கடத்துங்கள். இல்லாவிட்டால் நாலு லாக் இருந்தும் நாலையும் கோர்க்க நூல் இருக்காது. வரிகளின் எண்ணிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 40 வரி தர வேண்டிய குவரி 9,000 வரி தந்தது என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

பார்ட்டிஷன் கீ தேவைதான், இல்லாவிட்டால் 9ஆம் கேள்வியின் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. கீயில் விவசாயியின் போன் நம்பர் இருந்தால் அதை ஹாஷ் செய்து (எப்போதும் ஒரே மாதிரி வரும் மாற்றுக் குறியாக்கி) எழுதுங்கள். ஒரே கீ திரும்பத் திரும்ப வருகிறதா என்று அறிய ஹாஷ் போதும். கசாண்ட்ராவின் சொந்த ஸ்லோ லாக்கில் கீயின் மதிப்பு அப்படியே வரக்கூடும் என்பதால் டீபக்.லாக்கை வெளியாளுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் லாக் ஃபைல் என்று விலக்கு ஒன்றும் தரவில்லை.

8. ஆறு நோட்டுல எது படுத்துதுன்னு எப்படிப் பிடிக்கிறது?

முதலில், ஒரு நோட் மெதுவானால் பாதி நேரம் வெளியே தெரியவே தெரியாது. மூன்றில் இரண்டு பதில் போதும் என்பதாலும், பதில் தாமதமானால் இன்னொரு நகலிடமும் கேட்கிற ஸ்பெகுலேட்டிவ் ரீட்ரை இயல்பாகவே பி99 அளவில் இயங்குவதாலும், மெதுவான நகலைக் கோஆர்டினேட்டர் தவிர்க்கப் பார்ப்பதாலும் நோய் மறைந்திருக்கும். இரண்டாவதாக இன்னொரு நோட்டும் தடுமாறுகிற அன்று எல்லாம் சேர்ந்து வெளியே வரும். அன்று பார்க்கிறவருக்கு ‘திடீரென்று’ என்று தோன்றும்.

அதனால் எல்லாம் நன்றாக ஓடுகிற நாளிலேயே ஒரே டேபிளுக்கு ஆறு நோட்டிலும் டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ் எடுத்து வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் விலகியிருந்தால் அந்த நோட்டில் டிபிஸ்டாட்ஸின் பெண்டிங், டிராப்டு (கைவிடப்பட்டவை) எண்ணிக்கைகள், கம்பாக்ஷன்ஸ்டாட்ஸ் (டிஸ்கிலுள்ள ஃபைல்களைச் சேர்க்கிற கம்பாக்ஷன் வேலையின் நிலை), ஐஓஸ்டாட் (டிஸ்கின் நிலை), இந்த வரிசையில் பாருங்கள். மூன்று நோட் சேர்ந்து விலகியிருந்தால் மெஷின் கோளாறு என்று நினைக்காதீர்கள், அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

9. மல்லி ரேட் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. அரளி, சம்பங்கி எல்லாம் பட்டுனு வருது. ஏண்ணே?

டேபிளின் பார்ட்டிஷன் கீ என்ன என்று கேட்டேன். பூ, தேதி. காரணம் அதுதான். இன்றைய மல்லி வியாபாரம் முழுக்க ஒரே பார்ட்டிஷன். ஒரே பார்ட்டிஷன் என்றால் ஆறில் குறிப்பிட்ட மூன்று நோட். உசிலம்பட்டி வரத்தும் திருமங்கலம் வரத்தும் எல்லாக் கடைகளின் விலைப் பார்வையும் அந்த மூன்றின் தலையில் விழுகின்றன. மற்ற மூன்றும் அரளியையும் சம்பங்கியையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, ஊரே அதைத்தான் கேட்கும். கீ வைக்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

உறுதிசெய்ய நோட்டூல் டாப்பார்ட்டிஷன்ஸ் ஓட்டுங்கள், கொடுத்த சில விநாடிகளில் எந்தக் கீ அதிகம் தொடப்பட்டது என்று காட்டும். சிஸ்டம்.லாக்கில் ‘லார்ஜ் பார்ட்டிஷன்’ எச்சரிக்கை வருகிறதா என்றும் தேடுங்கள். 4.1இல் 100 எம்பி தாண்டிய பார்ட்டிஷனைக் கம்பாக்ஷனில் எழுதும்போது இயல்பாகவே எச்சரிக்கும். சூடு வேறு, பருமன் வேறு: சின்னப் பார்ட்டிஷனும் சூடாக இருக்கலாம். மல்லிக்கு முகூர்த்த நாளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

மருந்து, கீயைப் பிரிப்பது. பூ, தேதியோடு கடை எண்ணைச் சேர்த்தால் எழுதுவது ஆறு நோட்டுக்கும் பரவும். இதற்கு ஈடாக, ‘மார்க்கெட் முழுக்க இன்றைய மல்லி’ என்று கேட்பவருக்கு எல்லாக் கடைப் பார்ட்டிஷனையும் படித்துச் சேர்க்க வேண்டிவரும். கடைகள் நிறைய என்றால் கடை எண்ணை 8 அல்லது 16ஆல் வகுத்த மீதியைச் சேருங்கள், படிப்பது அத்தனையோடு நிற்கும். மார்க்கெட் ரேட் மட்டும் காட்டுகிற திரைக்கு, விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிற கேஷ் (தற்காலிக நகல்) ஒன்று ஆப் பக்கம் வைத்துவிடுங்கள். விலை ஒரு விநாடி பழையதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

10. பழைய பில்லை எல்லாம் டெலீட் பண்ணி லேசாக்கினோம். அதுக்கப்புறம்தான் மெதுவாச்சு!

கசாண்ட்ராவில் டெலீட் என்பது அழிப்பதில்லை, ‘இது செத்துவிட்டது’ என்று ஒரு குறி எழுதுவது. அந்தக் குறிதான் டூம்ப்ஸ்டோன். குறைந்தது 10 நாள் அது இருக்கும்படி இயல்பு அமைப்பு. படிக்கும்போது உயிருள்ள வரிகளை எடுக்க, வழியிலுள்ள செத்த குறிகளை எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். ஒரே குவரியில் 1,000ஐத் தாண்டினால் லாக்கில் எச்சரிக்கை, 1,00,000ஐத் தாண்டினால் குவரியே கைவிடப்படும்.

எங்கே அதிகம் அடிபடும் என்றால், டேபிளை வரிசை மாதிரிப் பயன்படுத்துகிற இடத்தில். ‘நிலுவை பில்கள்’ என்று ஒரு டேபிள்: பில் போட்டால் ஒரு வரி, பணம் வந்தால் டெலீட். மாலைக்குள் நிலுவை 30 பில், தாண்ட வேண்டிய செத்த வரி பல ஆயிரம். காலாவதி நேரம் வைத்து எழுதியவையும், வெறுமையான பத்திகளுக்கு (column) நல் (null, மதிப்பில்லை) எழுதுவதும்கூட இதே குறிகளைத்தான் போடும். 10 நாளை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடலாமா என்று உடனே கேட்பீர்கள். ஒரு நோட் அந்த ஒரு மணிக்கு மேல் கீழே கிடந்து திரும்பி வந்தால், அழித்த பில் மறுபடி உயிரோடு வந்து நிற்கக்கூடும். ரிப்பேர் (நகல்களை ஒப்பிட்டு ஒத்துப்போகச் செய்யும் வேலை) அந்த இடைவெளிக்குள் தவறாமல் ஓடுகிறது என்றால் மட்டும் குறையுங்கள். அதைவிட, கீயில் தேதியைச் சேர்த்து நாளுக்கு ஒரு பார்ட்டிஷன் ஆக்குவது நிம்மதி.

11. ஸ்லோ லாக்ல எல்லாக் குவரியும் வந்து நிக்குது. ஒரே வரி தர்ற குவரிகூட 900 மில்லிசெகண்ட்னா எதைத் திருத்துறது?

அந்தப் பட்டியலில் உள்ள எதையும் திருத்த வேண்டாம். ஸ்லோ லாக் என்பது காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர்கள் பட்டியல். திருடனின் பெயர் அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

சம்பந்தமில்லாத குவரிகள் ஒரே நொடியில், ஒரே நோட்டில் மெதுவாகின்றன என்றால் அந்த நோட்டே நின்றிருக்கிறது. ஜிசிஇன்ஸ்பெக்டர் (கார்பேஜ் கலெக்ஷனைக் குறித்துவைப்பது) என்று சிஸ்டம்.லாக்கில் தேடுங்கள். 200 மில்லிசெகண்டுக்கு மேல் நின்றதைச் சாதாரண வரியாகவும், ஒரு விநாடிக்கு மேல் நின்றதை எச்சரிக்கையாகவும் எழுதியிருக்கும். நேரம் ஒத்துப்போனால் அடுத்த கேள்வி, மெமரியை நிரப்பியது யார் என்பது. அதற்கு முந்தைய சில விநாடிகளில் பெரிய பேட்ச் எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள் (பேட்ச் என்பது பல எழுத்துகளை ஒன்றாகக் கட்டி அனுப்புவது, 5 கேபிக்கு மேல் எச்சரிக்கும், 50 கேபிக்கு மேல் மறுக்கும்). மாதாந்திரக் கணக்கு எடுக்கிறேன் என்று யாராவது அல்லோ ஃபில்டரிங் போட்டு முழு டேபிளையும் துழாவியிருக்கலாம். அந்தத் துழாவல் டைம்அவுட் ஆகியிருந்தால் ஆப் லாக்கில் பிழையாக இருக்கும், ஸ்லோ பட்டியலில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

12. பில் சேவ் பண்றதுதான் மெதுவு. அது லாக்ல வராதுன்னீங்க. அப்ப எப்படிப் பாக்குறது?

4ஆம் கேள்வியின் அதே கழித்தல், பிராக்ஸிஹிஸ்டோகிராம்ஸில் ரைட் நேரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கசாண்ட்ராவில் சாதாரண எழுத்து மெமரிக்கும் கமிட் லாக்குக்கும் (டிஸ்கில் வரிசையாக எழுதும் பதிவு) போவதோடு முடிவதால் வேகமாகவே இருக்கும். மெதுவானால் நான் முதலில் தேடுவது ‘இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்’, அதாவது ‘ஏற்கனவே இல்லாவிட்டால் மட்டும் எழுது’. பில் நம்பர் இரண்டு தடவை வரக்கூடாது என்று அதைப் போட்டிருப்பார்கள். அது பாக்ஸோஸ் முறையில் நகல்களை ஒத்துக்கொள்ள வைக்கிற வேலை, பழைய முறையில் நோட்டுகளுக்குள் நான்கு முறை போய்வர வேண்டும். ஒரே கீயில் பல கடைகள் மோதினால் இன்னும் இழுக்கும். 4.1இல் வந்த புதிய பாக்ஸோஸ் இந்தப் போய்வரலைக் குறைக்கிறது, ஆனால் நீங்களாக இயக்கினால்தான். பில் நம்பருக்குக் கடை எண்ணும் டைம்யூயூஐடியும் (நேரம் அடங்கிய, திரும்ப வராத எண்) சேர்த்தால் மோதலே வராது, அந்த ‘இஃப்’ தேவையே படாது.

13. நாலு மணிக்கு நல்லா ஓடுது. அஞ்சு மணி ஆனா படுத்துக்குது. கூட்டம் ரெண்டு நேரமும் ஒண்ணுதான்!

டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் (அமேசான் கிளவுட்) ஜிபி2 (gp2) என்கிற டிஸ்க் வகை என்றால் சேமித்த வேகத்தைச் செலவழித்து ஓடியிருப்பீர்கள். ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் (விநாடிக்கு இத்தனை டிஸ்க் வேலை) என்பதுதான் நிரந்தரம், 200 ஜிபி டிஸ்குக்கு 600. கையிருப்பு உள்ளவரை 3,000 வரை ஓடும். நிறைந்த கையிருப்பு 54 லட்சம், 3,000இல் ஓட்டினால் 37 நிமிடத்தில் காலி. பிறகு 600தான். ஜிபி3க்கு இந்தக் கையிருப்பு விளையாட்டு கிடையாது, அளவு எதுவானாலும் 3,000இலிருந்து தொடங்கும்.

டிஸ்க் அது இல்லை என்றால் கம்பாக்ஷன் பின்தங்கியிருக்கலாம். ஒரு மணி நேரமாக எழுதிக் குவித்த சின்னச் சின்ன ஃபைல்களைச் சேர்க்க முடியாமல், ஒரு படிப்புக்கு இருபது ஃபைல் திறக்கிறது. டேபிள்ஹிஸ்டோகிராம்ஸில் எஸ்எஸ்டேபிள் (அந்த டிஸ்க் ஃபைல்கள்) என்கிற பத்தியின் எண் ஏறுகிறதா பாருங்கள். நோட்டூல் செட்கம்பாக்ஷன்த்ரூபுட் கொண்டு ஓடுகிற நோட்டிலேயே வேகத்தை மாற்றலாம்.

14. டிரேசிங் ஆன் பண்ணிட்டா எல்லாமே தெரிஞ்சிடும்ல? ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

ஒரு குறிப்பிட்ட குவரி எப்போதுமே மெதுவு என்றால் டிரேசிங்கை மிஞ்சியது இல்லை. சிகியூஎல்எஸ்ஹெச்சில் (கசாண்ட்ராவுக்குக் குவரி அடிக்கிற கட்டளைத் திரை) டிரேசிங் ஆன் போட்டு ஓட்டினால் எந்த நோட்டில் எத்தனையாவது மைக்ரோசெகண்டில் என்ன நடந்தது, எத்தனை டூம்ப்ஸ்டோன் தாண்டியது என்று வரிசையாக வரும்.

எப்போதாவது மெதுவாகிற குவரி இந்த வலையில் சிக்காது. செட்டிரேஸ்ப்ராபபிலிட்டியை (எத்தனை குவரிக்கு ஒன்றை டிரேஸ் செய்வது என்கிற அமைப்பு) ஆயிரத்தில் ஒன்று என்று வைத்து, மெதுவாவதும் ஆயிரத்தில் ஒன்று என்றால் இரண்டும் பொருந்துவது பத்து லட்சத்தில் ஒன்று. அதற்காக எல்லாவற்றையும் டிரேஸ் செய்யாதீர்கள். ஒவ்வொரு டிரேஸும் அதே கிளஸ்டரில் பல வரிகளாக எழுதப்படுகிறது, நோயாளி படுத்துவிடுவார். எழுதியவை 24 மணி நேரத்தில் தானே போய்விடும், தேவையானதை அதற்குள் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

15. ரெண்டு நோட் லாக்கைச் சேத்து அடுக்கினா பதில் முதல்ல வருது, கேள்வி அப்புறம் வருது. இது எப்படி?

கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. எல்லா நோட்டிலும் க்ரோனி (கடிகாரத்தைச் சரியாக வைக்கிற மென்பொருள்) ஓடுகிறதா, எவ்வளவு விலகல் என்று பாருங்கள். லாக்கை அடுக்க நேர முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், 7இல் சொன்ன ரெக்வெஸ்ட் எண்ணால் கோர்த்து, ஒவ்வொரு நோட்டும் தன் கடிகாரத்திலேயே அளந்த கால அளவை மட்டும் ஒப்பிடுங்கள்.

இதை லாக் சிக்கல் என்று தள்ளிவைக்க வேண்டாம். கசாண்ட்ராவில் ஒரே கட்டத்துக்கு இரண்டு எழுத்து வந்தால் பிந்திய நேர முத்திரை ஜெயிக்கும். அந்த முத்திரையைப் பெரும்பாலும் ஆப் சர்வரின் டிரைவர் போடுகிறது. ஒரு ஆப் சர்வரின் கடிகாரம் இரண்டு விநாடி முன்னால் போனால், திருத்திய விலை தோற்றுத் தப்பான விலை நிலைத்துவிடும். ஆப் சர்வர்களிலும் க்ரோனியைப் பாருங்கள்.

16. டைம்அவுட் ஆனா ஆப் தானா மூணு தடவை ரீட்ரை பண்ணும். நல்லதுதானே?

கூட்ட நேரத்தில் இதுதான் குழி. ஜாவா டிரைவர் 4இல் குவரிக்கான பொறுமை இயல்பாக 2 விநாடி. சர்வர் பக்கம் படிப்புக்கு 5 விநாடி. டிரைவர் கைவிட்ட பிறகும் சர்வர் அந்த வேலையை மூன்று விநாடி வரை இழுத்துக்கொண்டிருக்கலாம். அதற்குள் நீங்கள் அதே குவரியை மறுபடி அனுப்பியிருப்பீர்கள். மல்லிப் பார்ட்டிஷன் திணறும்போது அதன் மீது நாலு மடங்கு சுமை.

ரீட்ரை ஒன்று போதும், அதுவும் கொஞ்சம் இடைவெளி விட்டு, எல்லாரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி இடைவெளியைக் கலைத்து. கவுன்ட்டர் கூட்டுவது, ‘இஃப்’ போட்ட எழுத்து போன்றவற்றைத் தானாக ரீட்ரை செய்யவே கூடாது. முதல் தடவையே எழுதப்பட்டுப் பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம், கிலோ இரண்டு தடவை கூடிவிடும்.

17. தம்பி, இதெல்லாம் எதுக்கு, இன்னும் ரெண்டு நோட் சேத்துட்டா சரியாப் போயிடும்ல?

இதை மேனேஜர்கள் கேட்பார்கள். 9ஆம் கேள்வியின் கோளாறு என்றால் ஆகாது சார், மல்லி அப்போதும் மூன்று நோட்டில்தான் உட்கார்ந்திருக்கும். ஆறு நோட்டும் சமமாகத் திணறினால் மட்டும் சேருங்கள். சேர்க்கும்போது பழைய நோட்டுகள் தகவலைப் புதியதற்கு அனுப்பும் வேலையும் செய்ய வேண்டியிருக்கும், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வேண்டாம்.

18. லோடு டெஸ்ட்ல பி99 12 மில்லிசெகண்ட்தான். அதே கூட்டத்துக்கு முகூர்த்த நாள்ல 2 விநாடி. டெஸ்ட்டே பொய்யா?

இரண்டு இடத்தில் பொய் சொல்லும். ஒன்று, டெஸ்ட் கருவி கீக்களைச் சீராக வாரி இறைத்திருக்கும். மல்லிக்கும் செவ்வந்திக்கும் சமமாக ஆள் வந்தால் கிளஸ்டர் தாங்கத்தான் செய்யும். ஒரு முகூர்த்த நாளின் உண்மையான கீ வரிசையை 7இல் சொன்ன லாக்கிலிருந்து எடுத்து, அதையே திருப்பி ஓட்டுங்கள். ஹாஷ் செய்த கீயாக இருந்தாலும் எது எத்தனை தடவை என்கிற விகிதம் அதில் அப்படியே இருக்கும்.

இரண்டாவது நுட்பமானது. கருவி ஒரு குவரியை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பினால், கிளஸ்டர் இரண்டு விநாடி நின்றபோது கருவியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும். அந்த இரண்டு விநாடியில் போயிருக்க வேண்டிய 2,000 குவரிகள் அனுப்பப்படவே இல்லை. கணக்கில் ஒரே ஒரு மெதுவான குவரிதான் பதிவாகும், பி99 அழகாக இருக்கும். செயல்திறன் அளவீட்டு நிபுணர் கில் டெனே இதற்கு ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று பெயர் வைத்தார். மார்க்கெட்டில் யாரும் முன்னவர் பில் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. விநாடிக்கு இத்தனை என்று நிலையான வேகத்தில் அனுப்புகிற கருவியாக எடுங்கள். குவரி உண்மையில் கிளம்பிய நொடியிலிருந்து அளக்காமல், கிளம்பியிருக்க வேண்டிய நொடியிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். அதே கிளஸ்டரில் அந்த 12 எவ்வளவாக மாறுகிறது என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள்.